அடுக்கியவருக்கே அடுக்கு சொந்தம்

மென்பொருள் வடிவமைக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் கலிஃபோர்னியாவிலும் அமர்ந்து, கோடிக்கணக்கானோர் தினமும் திறக்கும் திரைகளை உருவாக்குகிறவர்கள் நீங்கள். எந்தப் பொத்தான் எங்கே நிற்க வேண்டும், அடுத்த பதிப்பில் எது தொடர வேண்டும், எது போக வேண்டும் என்று முடிவெடுக்கும் கூட்டங்களில் உங்களில் பலருக்கு இடம் உண்டு. அந்தக் கூட்டங்களில் எழ வேண்டிய ஒரு கேள்வியை உங்களிடம் கேட்கவே இதை எழுதுகிறேன். ஒரு வசதியை நீக்கும்போது, அந்த வசதியை வைத்து மக்கள் ஆண்டுக்கணக்கில் செய்து வைத்த வேலை என்ன ஆகிறது?

2025 செப்டம்பர் 15 அன்று ஆப்பிள் வெளியிட்ட, மேக் கணினிகளுக்கான இயங்குதளப் பதிப்பான மேக்ஓஎஸ் டாஹோவில், செயலிகளை அடுக்கித் திறக்க உதவிய லாஞ்ச்பேட் இல்லை. 2010 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் காட்டி, 2011 ஜூலையில் லயன் பதிப்போடு வந்த வசதி அது. அதன் படத்தை எஃப்4 விசையின் மேலேயே அச்சிட்டுப் பல ஆண்டுகள் மேக் கணினிகள் வந்தன. திறந்தால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் செயலிகளின் ஐகான்கள் தெரியும். ஓர் ஐகானை இன்னொன்றின் மேல் இழுத்துப் போட்டால் ஒரு ஃபோல்டர் உருவாகும். அதற்கு நம் விருப்பம்போல் பெயர் வைக்கலாம், எந்தப் பக்கத்தில் எந்த வரிசையில் வேண்டுமோ அங்கே வைக்கலாம். டாஹோவில் இதற்குப் பதிலாக 'ஆப்ஸ்' என்ற பலகம் ஸ்பாட்லைட் தேடலின் ஒரு பகுதியாக வந்தது. அதில் செயலிகள் அகரவரிசையில் நிற்கும். மேலே உற்பத்தித்திறன், படைப்பாற்றல், பொழுதுபோக்கு என்பதைப் போன்ற வகைகள் இருக்கும். எந்தச் செயலி எந்த வகையில் விழும் என்பதைக் கணினியே முடிவு செய்யும். வெளிவந்தபோது அதில் ஐகானை இடம் மாற்றவும் வழியில்லை, சொந்தமாக ஃபோல்டர் போடவும் வழியில்லை. அப்டேட்டைப் போட்டவர் பதினான்கு ஆண்டுகளாக அடுக்கி வைத்திருந்தாலும், முதல் நாள் மேக் வாங்கியவர் பார்க்கும் அதே பலகத்தைத்தான் பார்த்தார்.

அந்த அடுக்கு எதனால் ஆனது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். கோடம்பாக்கத்தில் படத்தொகுப்புச் செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபைனல் கட், ஒலியைச் சீர்செய்ய ஒரு செயலி, சப்டைட்டில் போட ஒன்று, முடித்த கோப்பைச் சுருக்க ஒன்று, அதைத் தயாரிப்பாளருக்கு அனுப்ப ஒன்று, அவர் சொல்லும் திருத்தங்களைக் கேட்டுக்கொள்ள ஒரு சாட் செயலி. இவை எல்லாம் 'எடிட்டிங்' என்ற ஒரே ஃபோல்டரில் வேலையின் வரிசைப்படி இருக்கும். தானியங்கி வகைப்பாட்டில் முதலாவது படைப்பாற்றலுக்குப் போகும், சுருக்குவதும் அனுப்புவதும் கருவிகளுக்குப் போகும், சாட் செயலி சமூகத்துக்குப் போகும். இதில் கணினி தவறு எதுவும் செய்யவில்லை. ஒரு செயலி என்ன வகையைச் சேர்ந்தது என்பதை அதை உருவாக்கியவர்தான் அதற்குள் எழுதி வைக்கிறார். அவருக்குத் தெரிந்தது செயலியின் தன்மை. அதைப் பயன்படுத்துகிறவரின் வேலை அவருக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. தொகுப்பாளர் போட்ட ஃபோல்டரில் இருந்தது அவருடைய தொழிலைப் பற்றிய அறிவு. இன்ன வேலைக்கு இன்னின்ன கருவி, இந்த வரிசையில் என்று அவரே யோசித்து எழுதிய குறிப்பு அது. கட்டுரையையோ கணக்கையோ கோப்பாகச் சேமித்தால் அது பயனரின் உடைமை என்று ஒப்புக்கொள்கிறோம். ஃபோல்டரிட்டு அடுக்கியதை மட்டும் நிறுவனத்தின் அலங்காரமாகப் பார்க்கிறோம். என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது: அந்த அடுக்கும் பயனரின் உடைமைதான். வசதி உங்களுடையது, அதை நீக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் சுவரில் பதித்த அலமாரியைப் பெயர்த்தெடுக்கலாம். குடியிருப்பவர் அதில் வைத்திருந்த பொருள்களைத் தெருவில் கொட்ட அவருக்கு உரிமை கிடையாது.

ஆப்பிளை மட்டும் சொல்வது நியாயமாகாது. 2015-இல் வந்த விண்டோஸ் 10-இன் ஸ்டார்ட் மெனுவில் ஓடுகளைப் போன்ற சதுரங்களை நாமே குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் தலையிலும் பெயர் எழுதி வைக்க முடிந்தது. 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தபோது அது போய்விட்டது. மைக்ரோசாஃப்ட் இதை மறைக்கவில்லை. விண்டோஸ் 11-க்கான தேவைகளைப் பட்டியலிடும் தன் பக்கத்திலேயே, பெயரிட்ட குழுக்களும் ஃபோல்டர்களும் இனி இல்லை, விண்டோஸ் 10-இல் பொருத்தி வைத்த செயலிகள் மேம்படுத்தும்போது உடன் வராது என்று எழுதி வைத்தது. நேர்மையான அறிவிப்புதான். ஆனால் மேம்படுத்து என்ற பொத்தானை அழுத்துகிற கணக்கரோ ஆசிரியரோ அந்தப் பக்கத்தை எங்கே தேடிப் படிப்பார்? இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே அலுவலகத்தின் கணினிகளை எல்லாம் ஒரே மாதிரி அமைக்க வேண்டிய நிர்வாகிகளுக்காக, ஸ்டார்ட் மெனுவின் அடுக்கை ஒரு கோப்பாக வெளியே எடுக்கும் கட்டளை விண்டோஸ் 10-இல் இருந்தது. அடுக்கு என்பது எடுத்துச் செல்லத் தக்க ஒரு பொருள் என்பது மைக்ரோசாஃப்டுக்குத் தெரிந்தே இருந்தது. பெரிய வாடிக்கையாளருக்குக் கிடைத்த அந்த மரியாதை தனி மனிதருக்குக் கிடைக்கவில்லை.

இனி நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன். தேடல்தான் வேகமானது, நான்கு எழுத்தைத் தட்டினால் செயலி வந்து நிற்கும்போது ஃபோல்டர் எதற்கு என்பது முதல் மறுப்பு. பெயர் தெரிந்த செயலிக்கு இது முற்றிலும் உண்மை. 2005-இல் டைகர் பதிப்போடு வந்த ஸ்பாட்லைட்டை நம்பி லாஞ்ச்பேடைத் தொடாமலே இருந்தவர்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு டாஹோவில் இழப்பு ஏதும் இல்லை. ஆனால் எல்லோரும் அப்படி வேலை செய்வதில்லை என்பதற்கு நீண்ட காலமாகச் சான்று இருக்கிறது. டெபோரா பாரோவும் பானி நார்டியும் 1995-இல், மக்கள் தங்கள் கணினியில் கோப்புகளை எப்படிக் கண்டெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்து, அவர்கள் தேடுவதைவிட வைத்த இடத்துக்குப் போய் எடுப்பதையே விரும்புகிறார்கள் என்று எழுதினார்கள். அன்றைய தேடல் மோசம், அதனால்தான் அப்படி என்று சொல்ல இடமிருந்தது. 2008-இல் ஓஃபர் பெர்க்மனும் சகாக்களும் அந்த ஐயத்தையே சோதித்தார்கள். தேடும் கருவிகள் எவ்வளவோ மேம்பட்ட பிறகும் மக்கள் இடத்தைத்தான் நாடினார்கள்; இடம் மறந்துபோனபோதுதான் தேடினார்கள். இவை கோப்புகளைப் பற்றிய ஆய்வுகள், செயலிகளைப் பற்றியவை இல்லை என்று நீங்கள் சொன்னால் ஏற்கிறேன். ஆனால் செயலிகளின் எண்ணிக்கை கோப்புகளைவிட மிகக் குறைவு, அவற்றை நாம் திரும்பத் திரும்பத் திறக்கிறோம். இட நினைவு நன்றாக வேலை செய்வதற்கு ஏற்ற நிலைமை அங்கேதான் அதிகம்.

இட நினைவைப் பற்றி மைக்ரோசாஃப்டின் சொந்த ஆய்வுக்கூடத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. ஜார்ஜ் ராபர்ட்சனும் குழுவினரும் 1998-இல் 'டேட்டா மௌன்டன்' என்ற சோதனையை வெளியிட்டார்கள். 100 இணையப் பக்கங்களின் சிறு படங்களைக் கொடுத்து, சாய்தளம் போன்ற ஒரு திரையில் அவரவர் விருப்பப்படி அடுக்கச் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு எடுக்கச் சொன்னபோது, அந்தக் காலத்து பிரவுசரின் ஃபேவரிட்ஸ் பட்டியலில் தேடியவர்களைவிட இவர்கள் விரைவாக எடுத்தார்கள். சில மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்தபோதும் அந்தத் திறன் பெரிதும் தேயவில்லை. படங்களை நீக்கி வெறும் கட்டங்களைக் காட்டியபோது முதலில் தடுமாறியவர்கள்கூடச் சற்று நேரத்தில் சமாளித்துக்கொண்டார்கள். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர்கள் தாங்களே அடுக்கியிருந்தார்கள் என்பது. கையால் ஒரு பொருளை ஓரிடத்தில் வைப்பதும் மனத்தில் பதிவதும் சேர்ந்தே நடக்கின்றன. கணினி அடுக்கித் தரும்போது அந்தப் பதிவு அதே ஆழத்தில் நேராது. அடுத்த வாரம் அது வரிசையை மாற்றினால் பதிந்ததும் பயனற்றுப் போகும். இதற்கும் மைக்ரோசாஃப்டிடமே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: ஆஃபிஸ் 2000-இல் அதிகம் தொடாத கட்டளைகளைத் தானாகவே மறைக்கும் மெனுக்களை அது கொண்டுவந்தது. ஆஃபிஸ் 2007-இல் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற பட்டை வந்தபோது, கட்டளைகள் மறுபடி நிலையான இடங்களில் நின்றன.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தேடலில் தனியாக ஒரு தடை உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் ஒரு கட்டுரையைத் தட்டிக்கொண்டிருக்கிறார் ஒருவர். நடுவில் ஒரு படத்தைத் திருத்த ஃபோட்டோஷாப் வேண்டும். கமாண்டையும் ஸ்பேஸையும் அழுத்தித் தேடல் பெட்டியில் தட்டினால் தமிழ் எழுத்துகள்தான் விழும். ஆங்கிலப் பெயர் கொண்ட செயலி அதில் அகப்படாது. விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும், தட்ட வேண்டும், திறந்த பின் மறக்காமல் தமிழுக்குத் திரும்ப வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் ஒரு நாளில் எத்தனை முறை! ஐகானைப் பார்த்துச் சுட்டுவதற்கு எந்த மொழியும் தேவையில்லை. செயலியின் பெயரை ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தெரியாத, ஆனால் அதன் படத்தையும் இடத்தையும் நன்றாக அறிந்த பெரியவர்களையும் அச்சகத் தொழிலாளர்களையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். தேடலே போதும் என்ற முடிவு, பெயரை நினைவில் வைத்து ரோமன் எழுத்தில் தட்டுகிறவரை மட்டும் மனத்தில் வைத்து எடுத்த முடிவு. அந்தக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்ல உங்களைவிடத் தகுதியானவர் யார்?

இரண்டாவது மறுப்பு, இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு என்பது. குறைவாகவே இருக்கட்டும். குறைவு என்பது வசதியை நீக்குவதற்குக் காரணமாகலாம், அடுக்கைத் தூக்கி எறிவதற்கு எப்படிக் காரணமாகும்? இந்த வேறுபாட்டைச் சரியாகக் கையாண்ட நிறுவனமும் உண்டு. 2013 மார்ச்சில், பயன்பாடு குறைந்துவிட்டது என்று சொல்லி கூகுள் ரீடரை மூடப்போவதாக கூகுள் அறிவித்தது. ஜூலை 1 அன்று மூடியது. அந்த முடிவை இன்றும் வருத்தத்தோடு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் இடைப்பட்ட மாதங்களில், ஒவ்வொருவரும் தாங்கள் படித்துவந்த தளங்களின் பட்டியலை, போட்டு வைத்த ஃபோல்டர்களோடு சேர்த்து, பொதுவான கோப்பு வடிவில் எடுத்துக்கொள்ள வழி தந்தது. அந்தக் கோப்பை வேறொரு செயலியில் ஏற்றினால் அதே ஃபோல்டர்கள் அங்கே வந்து நின்றன. மக்கள் இழந்தது ஒரு சேவையைத்தான். ஆண்டுக்கணக்கில் தேர்ந்து சேர்த்தது அவர்கள் கையிலேயே இருந்தது. நான் கேட்பது இவ்வளவே.

பழைய நிரலை எத்தனை காலம் சுமப்பது என்பது பொறியாளர்களின் மறுப்பு. அதில் நியாயம் இருக்கிறது. எழுதியவர்கள் விலகிப்போன, சோதிக்க ஆளில்லாத நிரலைக் கட்டிக் காப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பது மென்பொருள் அறிந்த எவருக்கும் தெரியும். ஆனால் அடுக்கைக் காப்பாற்ற அந்த நிரலைக் காப்பாற்ற வேண்டியதில்லை. லாஞ்ச்பேடின் ஃபோல்டர்களும் பக்கங்களும் ஒரு சிறிய எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில்தான் இருந்தன. டாஹோ வந்த சில மாதங்களுக்குள்ளேயே, வெளியில் உள்ள நிரலாளர்கள் அந்தக் கோப்பைப் படித்து, பழைய ஃபோல்டர்களை அப்படியே மீட்டுத் தரும் செயலிகளை எழுதி இலவசமாக வெளியிட்டார்கள். வெளியே இருக்கிறவர்களால் முடிந்தது, அந்தக் கோப்பின் அமைப்பை வகுத்தவர்களுக்குக் கடினமாக இருந்திருக்க முடியாது.

மாற்று வழிதான் இருக்கிறதே என்பார்கள் சிலர். இருக்கிறது, இந்த மடலைப் படிக்கும் பயனர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபைண்டரில் கமாண்ட், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டர் திறக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் 'எடிட்டிங்', 'கணக்கு' என்று வேலைக்கு ஒன்றாகப் புதிய ஃபோல்டர்களை உருவாக்குங்கள். ஆப்ஷன், கமாண்ட் இரண்டையும் அழுத்திப் பிடித்தபடி செயலியை அதற்குள் இழுத்தால், செயலி தன் இடத்திலேயே இருக்க, அதைச் சுட்டும் ஒரு ஏலியாஸ் மட்டும் அங்கே விழும். செயலியையே இடம் பெயர்க்க வேண்டாம். கணினியோடு வந்த செயலிகளை நகர்த்த முடியாது, மற்றவற்றில் சில இடம் மாறினால் அப்டேட் ஆவதில் தடுமாறும். ஃபோல்டர் நிறைந்ததும் டாக்கில் மெல்லிய கோட்டுக்கு வலப்பக்கம் இழுத்து விடுங்கள். அதன் மேல் வலது கிளிக் செய்து கிரிட் என்பதைத் தேர்ந்தால், சுட்டியதும் உள்ளே உள்ள ஐகான்கள் கட்டங்களாக விரியும். சாதாரண ஃபோல்டர்கள் என்பதால் பிரதி எடுத்து வைக்கலாம், அடுத்த மேக்குக்கும் கொண்டுபோகலாம். வழி நல்லதுதான். ஆனால் இதை ஒவ்வொரு செயலியாகக் கையால் செய்ய வேண்டும், அதுவும் பழைய அடுக்கு கண்முன் இல்லாமல் நினைவிலிருந்து. அப்டேட்டே ஒரு முறை இதைச் செய்து, பழைய ஃபோல்டர் ஒவ்வொன்றையும் இப்படி ஒரு சாதாரண ஃபோல்டராக மாற்றி வைத்திருந்தால், லாஞ்ச்பேடையும் நீக்கியிருக்கலாம், யாருடைய வேலையும் வீணாகியிருக்காது.

மக்கள் கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடுவார்கள் என்பது நான் அதிகம் அஞ்சும் மறுப்பு. பழகிவிடுவார்கள் என்பது உண்மையாக இருப்பதாலேயே அது ஆபத்தானது. 2012 அக்டோபரில் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானையும் மெனுவையும் நீக்கியபோதும் இதே நம்பிக்கைதான் இருந்தது, ஓராண்டில் 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பியது, 2015-இல் மெனுவும் திரும்பியது. விண்டோஸ் 11-இன் ஸ்டார்ட்டில் ஃபோல்டர் போடும் வசதி 2022-இல் மீண்டும் வந்தது. நிறுவனங்கள் தங்கள் முடிவைத் திருத்திக்கொள்வதை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஃபோல்டர் போடும் வசதி திரும்பி வந்தபோது காலியாகத்தான் வந்தது. பயனர் பெயரிட்டு வைத்திருந்த குழுக்கள் அதில் இல்லை. வசதியைத் தாமதமாகத் திருப்பித் தந்தாலும் அடுக்கைத் திருப்பித் தர முடியாது. அதனால்தான் நீக்குகிற அன்றே அதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. அப்டேட் போடாமல் இருந்துகொள்ளலாமே என்றும் சொல்ல முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க யாரும் பரிந்துரைக்க மாட்டார்கள்.

ஆப்பிளே இதைவிட நல்ல முன்மாதிரி ஒன்றைக் காட்டியிருக்கிறது. ஐஃபோனில் 2010 முதல் கையால் ஃபோல்டர் போட முடிகிறது. 2020-இல் ஐஓஎஸ் 14 வந்தபோது, செயலிகளைத் தானாக வகைப்படுத்தும் ஆப் லைப்ரரி சேர்ந்தது. அது முகப்புத் திரையின் கடைசிப் பக்கத்துக்கு அப்பால் வந்து நின்றதே தவிர, பயனர் போட்டிருந்த ஃபோல்டர் எதையும் தொடவில்லை. அடுக்கப் பிடிக்காதவர் தானியங்கி வகைகளைப் பார்த்துக்கொண்டார், அடுக்கியவர் தன் அடுக்கோடு இருந்தார். மேக்கிலும் இப்படிச் செய்திருக்க முடியும்.

உங்களில் பெரும்பாலோர் இயங்குதளம் செய்கிறவர்கள் இல்லை. கணக்கு மென்பொருளும் வங்கிச் செயலியும் மருத்துவமனைப் பதிவேடும் பள்ளி நிர்வாகத் தளமும் செய்கிறீர்கள். அங்கேயும் மக்கள் டாஷ்போர்டைத் தங்கள் வேலைக்கேற்ப மாற்றி வைக்கிறார்கள், அடிக்கடி வேண்டிய அறிக்கைக்கான வடிகட்டிகளைச் சேமிக்கிறார்கள், நோயாளிகளையும் வாடிக்கையாளர்களையும் தங்களுக்குப் புரியும் பெயரில் குழுவாக்குகிறார்கள். அடுத்த பதிப்பில் அதில் ஒன்றை நீக்குவது என்று முடிவானால், வெளியீட்டுத் தேதியைக் குறிக்கும் முன் ஒரு வேலையைச் சேர்த்துவிடுங்கள். பயனர் அடுக்கியது புதிய வடிவத்துக்கு மாற வேண்டும். மாற்ற வழியே இல்லையென்றால் ஒரு கோப்பாக அவர் கைக்கு வர வேண்டும். அதை அப்டேட் பொத்தானை அழுத்தும் அதே திரையில், அழுத்துவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். நேரமில்லை என்று மேலாளர் சொன்னால், வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிப்போடும்படி கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மென்பொருள்களைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர்